குரல் பழுக்கும் வரை சோறு யார் போடுவது?

காட்பாடியில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறாள். சர்ச் பாடகர் குழுவில் சோப்ரானோ என்ற உச்சப் பெண்குரல் வரிசையில் நிற்பவள். போன மாதம் ஒருநாள் சாயந்திரம் போனைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய அரங்கம். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் அறுபது எழுபது பேர் வயலினும் ஊதுகருவிகளுமாக வாசிக்கிறார்கள். மேலே ஒருத்தி நின்று பாடுகிறாள். "மைக்கே இல்ல மாமா, நல்லா பாருங்க" என்றாள். அப்புறம் கேட்டாள்: "இதுக்குப் படிக்க எத்தினி வருசம் ஆவும்?"

அவள் அம்மா தையல்காரர். திண்ணையில் மெஷினை மிதித்துக்கொண்டே, "அது வரைக்கும் சோறு யாரு போடறது, அதையும் கேளு" என்றார்.

இரண்டும் நல்ல கேள்விகள். அம்மாவின் கேள்வி இன்னும் நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. ஆப்பரா பாடகர்களின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், ஆரம்பப் பத்து வருடத்தில் யார் பிழைத்தார்கள், யார் உதிர்ந்தார்கள் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது தெரியும். குரல் தயாராகாத வருடங்களின் செலவை யாராவது ஒருவர் ஏற்றிருக்கிறார்கள். ஒரு மடம், ஒரு அரங்கம், ஒரு அரசாங்கம், ஒரு அப்பா. யாரும் ஏற்காத இடத்தில் குரலே அந்தச் செலவைக் கட்டியிருக்கிறது.

முதலில் ஆப்பரா என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். நம் ஆட்கள் பலர் அதைக் கச்சேரி என்று நினைக்கிறார்கள். அது கச்சேரி இல்லை. நம் கூத்துக்கு நெருக்கமானது. கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும். ராஜா கோபப்பட்டாலும் பாட்டு, வேலைக்காரி கடிதம் கொண்டுவந்தாலும் பாட்டு. 1600ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிரபுக்களின் மாளிகைகளில் இது பிறந்தது. மான்டெவெர்டி இசையமைத்த ஓர்ஃபியோ 1607ல் மாந்துவா அரண்மனையில் அரங்கேறியது. 1637ல் வெனிஸில் காசு கொடுத்தவர் எவரும் உள்ளே போகலாம் என்று முதல் பொது ஆப்பரா அரங்கம் திறந்தது. அன்றிலிருந்துதான் டிக்கெட் காசில் ஆப்பரா பாடுவது ஒரு பிழைப்பாகவும் ஆனது.

வட ஆற்காட்டில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. 1989ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனாலும் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் மத்தியானம் பிரசங்கமும் ராத்திரி கூத்துமாக இந்தப் பக்கம் முழுக்க ஒரே மாவட்டம்தான். செய்யாறு பக்கம் புரிசையும் பெருங்கட்டூரும் கூத்துக்குப் பேர் போன ஊர்கள். திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் தன் பெருமையைத் தானே விருத்தமாகப் பாடிவிட்டுத்தான் முகம் காட்டுவான். விடிய விடிய எட்டு ஒன்பது மணி நேரம் பாடி, ஆடி, வசனம் பேசி, கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து கிறுகிறுவென்று சுற்ற வேண்டும். பெரியப்பா கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசித்தவர். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவன் நான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கூத்தாடி ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பி வாங்குவார்கள். முகவீணை அதே வரியை ஊதும். அந்த இடைவெளியில் வேஷக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஆடலாம். இப்போது களத்துக்கு நடுவில் கம்பி கட்டி மைக்கும் தொங்கவிடுகிறார்கள். ஆப்பராவில் தனிப்பாட்டு வரும்போது அப்படி வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் அந்த ஒற்றைத் தொண்டை, முழு வாத்தியக் கூட்டத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறது? கத்துவதால் இல்லை. கத்தினால் ஒரு வாரத்தில் குரல் போய்விடும். இதை ஆராய்ந்து விளக்கியவர்களில் முக்கியமானவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி. ஒரு வாத்தியக் கூட்டத்தின் ஓசை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கத்தில் குவிந்து கிடக்கும், மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர் தொண்டைக் குழியின் அடிப்பகுதியைக் கொஞ்சம் விரித்து, குரல்வளைக்கு நேர் மேலே உள்ள சின்னக் குழாயை ஒடுக்கி வைத்துக்கொள்கிறார். அப்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓசை ஒரு கொத்தாகத் திரள்கிறது. அந்த உயரத்தில் வாத்தியங்கள் பலவீனம். மனிதக் காதோ அங்கேதான் கூர்மை. ஆண் குரல்களில் இது துல்லியமாகத் தெரியும். உச்சத்தில் பாடும் சோப்ரானோக்கள் வேறு வழி பிடிக்கிறார்கள்: வாயையும் நாக்கையும் மாற்றி, பாடும் சுரத்துக்கே தொண்டைக் குழியை இசைத்துக்கொள்கிறார்கள்.

முகவீணையை நினைத்துப் பாருங்கள். முழங்கை நீளம்கூட இல்லாத குழல். மிருதங்கமும் டோலக்கும் ஆர்மோனியமும் சேர்ந்து ஒலிக்கும்போது அது மட்டும் அடுத்த ஊர் களத்துமேடு வரை கேட்கும். பலத்தால் இல்லை, மற்றவை இல்லாத உயரத்தில் ஒலிப்பதால். ஆப்பரா பாடகர் தன் தொண்டைக்குள் அப்படி ஒரு முகவீணையைக் கட்டிக்கொள்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள்.

அதைக் கட்டத்தான் வருடங்கள் ஆகின்றன. முதல் பாடம் மூச்சு. இத்தாலியர்கள் அதை அப்போஜியோ என்பார்கள், சாய்ந்து தாங்குவது என்று அர்த்தம். மூச்சை இழுத்த பிறகு விலா எலும்புகள் சட்டென்று விழுந்துவிடாமல் விரிந்தபடியே பிடித்து, காற்றை நூல் மாதிரி விட வேண்டும். அடுத்தது ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி இழைத்து முடிப்பது. கேட்க எளிது, தழும்பாமல் செய்ய மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அப்புறம் மார்புக் குரலிலிருந்து தலைக் குரலுக்கு ஏறும்போது நடுவில் வரும் வாசல்படி. எல்லாக் குரலும் அங்கே தடுக்கும். அந்தத் தடுக்கல் கேட்பவருக்குத் தெரியாமல் தாண்டுவதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். பாடுபவர் தன் குரலைத் தன் மண்டைக்குள்ளிருந்து கேட்கிறார், வெளியே அது எப்படிப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் உச்சத்துக்குப் போன பாடகர்களும் கடைசிவரை ஒரு ஆசிரியரிடம் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

உயரத்தை நம் கணக்கில் சொல்வதென்றால்: ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி வைத்துப் பாடும் ஆணின் நடு ஸட்ஜமம் 131 ஹெர்ட்ஸ். மேல் ஸட்ஜமம் 262. அதற்கும் மேலே இன்னொரு ஸட்ஜமம் 523. டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் பாடகர்களுக்கு உயிராக இருக்கும் "உச்ச ஸி" அந்த 523தான். நம் மேடையில் பெரும்பாலும் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். டெனர் அதற்கும் மேலே போய், பொய்க்குரலில் ஒளிந்துகொள்ளாமல், முழுக்குரலில் நின்று காட்ட வேண்டும். ஒரு நொடியில் 523 முறை ஒன்றோடொன்று மோதும் குரல்நாண்களின் நீளம் ஆணுக்கே இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பெண்ணுக்கு இன்னும் குறைவு, கட்டைவிரல் நகத்தளவு.

அந்த நகத்தளவு சதையை எப்போது வேலைக்கு விடுவது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய கேள்வி.

மகரக்கட்டு என்று நம்மிடம் ஒரு அழகான சொல் இருக்கிறது. பையனுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெருத்து, நாண்கள் நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும் காலம். அப்போது அடித்துப் பாடினால் குரல் கலங்கிவிடும் என்பது பழைய நாடக வாத்தியார்களுக்கும் தெரியும், கூத்து வாத்தியார்களுக்கும் தெரியும். பெண்களுக்கும் குரல் மாறும், சில சுரங்கள்தான் இறங்கும். மாற்றம் முடிந்த பிறகும் குரல் உறுதியாகப் பல வருடம் ஆகும். லேசான சோப்ரானோ இருபதுகளின் நடுவிலேயே மேடைக்குத் தயாராகலாம். கனமான குரல்களும் பாஸ் என்ற ஆணின் அடிக்குரல்களும் முப்பதைத் தாண்டித்தான் முழுமையடையும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பெரிய பாத்திரங்களை முப்பத்தைந்துக்கு முன்னால் தொடாதே என்று ஆசிரியர்கள் சொல்வது அதனால்தான். வயலின் படிக்கும் பிள்ளை ஏழு வயதில் தொடங்கி நாளுக்கு ஐந்து மணி நேரம் வாசிக்கலாம். பாட்டுப் படிப்பவர் நாளுக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுக்குரலில் பாடக்கூடாது. மீதி நேரத்துக்கு மொழி, பியானோ, நடிப்பு, மனப்பாடம்.

இந்தக் காத்திருப்புக்கு இத்தாலி கண்ட முதல் விடை அனாதை விடுதிகள். கன்சர்வேட்டரி என்று இன்று உலகம் முழுவதும் இசைக் கல்லூரிகளைச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குக் காப்பிடம் என்று பொருள். நேப்பிள்ஸ் நகரின் நான்கு பழைய கன்சர்வேட்டரிகளும் ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்க ஆரம்பித்தவை. பிறகு இசை கற்பித்தார்கள். கோயில் ஊர்வலங்களில் அந்தப் பிள்ளைகள் பாடி விடுதிக்கு வருமானம் வந்தது. அதே இத்தாலியில்தான் குரல் உடையாமல் இருப்பதற்காகப் பையன்களுக்கு விதை நீக்கும் கொடுமையும் நடந்தது. ஏழைப் பெற்றோர் பிள்ளையின் உடம்பைக் கொடுத்துப் பிழைப்பைத் தேடினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா கொண்டாடிய ஃபாரினெல்லியும் சிறுவயதில் விதை நீக்கப்பட்டவர்தான். நேப்பிள்ஸ் ஆசிரியர் போர்போராவின் மாணவர். மகரக்கட்டுக்குக் காத்திருக்க மனமில்லாதவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கத்தில் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் காத்திருக்க முடியாமை இருந்தது. என் பெரியப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஒன்பது வயதில் ஜமாவில் சேர்ந்தார். முதல் வருடம் தாளம் போட்டார். அடுத்த வருடம் குட்டி கிருஷ்ணன். பன்னிரண்டு வயதில் பெண் வேஷம். குரல் அவ்வளவு தெளிவு. திரௌபதியாகத் துகில் அவிழ்க்கும் கட்டத்தில் "கண்ணா" என்று அவர் எடுத்தால் கோயில் வாசலில் கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். பதினான்காவது வயதில், பங்குனி மாதம், குரல் இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது. வாத்தியார் கெட்டவர் இல்லை. "ரெண்டு வருசம் பாடாதடா, பின்பாட்டுல சும்மா வாயசை" என்றுதான் சொன்னார். ஆனால் பெண் வேஷத்துக்கு ஒரு பங்கு, பின்பாட்டில் நிற்கிற பையனுக்குக் கால் பங்கு. வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன். ஆடி வரைக்கும் ராத்திரி ராத்திரியாக ஊர் ஊராகப் பாடினார். சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் வாயிலேயே இருக்கும். அடுத்த வருடம் அவருக்கு இருந்தது கரகரத்த ஒற்றைக் குரல். இன்றைக்கும் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறார், ஜனங்களைச் சிரிக்க வைக்கிறார். பாட்டு எடுப்பதில்லை.

அவருக்குத் தெரியாததும் இல்லை, அவர் வாத்தியாருக்குத் தெரியாததும் இல்லை. இரண்டு வருடத்தின் பங்குக்காசு இல்லை, அவ்வளவுதான்.

இதே நிலையில் ஒரு பெண்ணுக்கு வேறு மாதிரி நடந்தது. யென்னி லிண்ட், 1820ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். வீட்டில் வசதி கிடையாது. ஒன்பது வயதில் அரசு அரங்கத்தின் நாடகப் பள்ளியே அவரை எடுத்துக்கொண்டு, தன் செலவில் வளர்த்துப் பாடக் கற்றுக்கொடுத்தது. 1838ல் 17 வயதில் பெரிய பாத்திரம். அப்புறம் மூன்று வருடம் இடைவிடாமல் பாடவைத்து அந்த அரங்கமே குரலைத் தேய்த்தும் விட்டது. 1841ல் பாரிஸுக்குப் போய் மானுவேல் கார்சியா என்ற ஆசிரியர் முன்னால் பாடிக் காட்டினார். சில வாரங்கள் பாடவே கூடாது, பேச்சையும் குறை, பிறகு வா என்று அனுப்பினார் கார்சியா. லிண்ட் காத்திருந்தார், திரும்பிப் போனார், அடியிலிருந்து மறுபடி படித்தார். அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது பின்னால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடப்போகும் குரல் அவரிடம் இருந்தது.

இந்தக் கார்சியாவுக்கு வேலூர்க்காரர்கள் ஒரு நன்றி சொல்ல வேண்டும். பாடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசை அவருக்கு. 1854ல் பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் நீண்ட காம்புக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் திருப்பி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். தொண்டை வைத்தியம் என்கிற துறைக்கே அந்தக் கண்ணாடி வழி திறந்தது. வைத்தியத்துக்காக நாடு முழுவதும் வந்து இறங்கும் ஊர் நம்முடையது. அதில் தொண்டைக்காக வருகிறவர்கள் ஒரு பாட்டு வாத்தியாருக்குக் கடன்பட்டவர்கள்.

நானும்தான். இருபது வருடம் வகுப்பில் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டி, ஒரு மாதமாகியும் விடவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, சின்ன வட்டக் கண்ணாடியை விளக்கில் லேசாகச் சூடு காட்டினார். ஆவி படியாமல் இருக்கவாம். உள்ளே விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். இழுத்த நாக்கோடு ஈ வராது, ஏதோ வந்தது. நாண்களின் ஓரத்தில் இரண்டு பக்கமும் அரிசிக் குறுணை மாதிரி தடிப்பு இருப்பதாகச் சொன்னார். இரண்டு வாரம் பேசாதே, கிசுகிசுக்கவும் கூடாது. எனக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு இருந்தது. அண்ணனுக்கு அது இல்லை என்று அந்த இரண்டு வாரமும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பவரோட்டிக்கும் அதே தடிப்பு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான அந்த டெனரின் ஆரம்ப வருடங்கள்தான் அம்மாவின் கேள்விக்கு நேரான பதில். 1935ல் இத்தாலியின் மோதெனாவில் பிறந்தார். அப்பா ரொட்டி சுடுபவர், தானும் நன்றாகப் பாடுவார், மேடை பயத்தால் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. அம்மா சுருட்டு ஆலையில் வேலை. அப்பாவும் மகனும் ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். 1955ல் வேல்ஸ் நாட்டு லாங்கோலன் விழாவில் அந்தக் குழுவுக்கு முதல் பரிசு. 19 வயதில் அர்ரிகோ போலா என்ற டெனரிடம் பாடம் தொடங்கினார். பையனிடம் காசு இல்லை என்பதால் போலா கட்டணம் வாங்கவில்லை.

வீட்டில் ஒரு ஒப்பந்தம். 30 வயது வரை சாப்பாடும் இடமும் வீட்டில். அதற்குள் பாட்டில் நிற்க முடியாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். கைச்செலவுக்குத் தொடக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் இன்ஷூரன்ஸ் விற்றார். ஆறு வருடப் படிப்புக்குப் பிறகும் கையில் இருந்தது சிறு ஊர்களில் சம்பளமில்லாமல் பாடிய சில கச்சேரிகள்தான். அப்போதுதான் நாணில் தடிப்பு. ஃபெராராவில் ஒரு கச்சேரி படுமோசமாகப் போனது, விட்டுவிடுவது என்றே முடிவு செய்தார். பிறகு தடிப்பு மறைந்தது. 1961ல் ரெஜ்ஜோ எமிலியாவில் ஒரு போட்டியில் வென்றார். பரிசு, ஒரு முழு ஆப்பராவில் நாயக வேஷம். ஏப்ரல் 29ஆம் தேதி புச்சீனியின் லா போஹேமில் ரொடால்ஃபோவாக மேடை ஏறினார். வயது 25. ஒப்பந்தத்தில் இன்னும் நாலைந்து வருடம் பாக்கி இருந்தது.

அதன் பிறகும் படிப்பு முடியவில்லை. 1965ல் சோப்ரானோ ஜோன் சதர்லேண்டின் குழுவோடு ஆஸ்திரேலியா சுற்றினார். அவர் மூச்சை எப்படித் தாங்குகிறார் என்று அறிய, அவர் விலாவில் கை வைத்துப் பார்த்துக் கற்றதாகப் பவரோட்டியே சொல்லியிருக்கிறார். 1972ல் நியூயார்க்கில் ஒரே பாட்டில் ஒன்பது உச்ச ஸி பாடி உலகப் புகழ் வந்தபோது, முதல் பாடத்திலிருந்து கிட்டத்தட்ட 18 வருடம் ஆகியிருந்தது. கடைசியாக ஒரு முழு ஆப்பரா பாடியது 2004ல், 68 வயதில்.

அதே நூற்றாண்டின் புகழ்பெற்ற சோப்ரானோ மரியா காலாஸின் கணக்கு வேறு. 1923ல் நியூயார்க்கில் பிறந்து, 1937ல் அம்மாவோடு கிரீஸுக்கு வந்தவர். ஏதென்ஸில் எல்விரா தே இதால்கோ என்ற ஸ்பானிய சோப்ரானோவிடம் காலையில் போனால் கடைசி மாணவர் பாடம் வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஜமாவில் பின்வரிசையில் உட்கார்ந்து கற்கும் பையன்களை எனக்கு இது நினைவுபடுத்துகிறது. 1941ல் ஒரு சின்ன பாத்திரம், அடுத்த வருடமே டோஸ்கா என்ற பெரிய பாத்திரம், வயது 18. யுத்த காலம், ஏதென்ஸில் பஞ்சம். 1949ல் வெனிஸில் வாக்னரின் கனமான வேஷத்தையும், சில நாள் இடைவெளியில், நோய்ப்பட்ட ஒருவருக்குப் பதிலாகப் பெல்லினியின் நுணுக்கமான வேஷத்தையும் பாடி எல்லாரையும் அசத்தினார். கடைசி ஆப்பரா 1965ல், 41 வயதில். குரல் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள், உடல் எடையைச் சட்டென்று குறைத்தது உட்பட. பதினெட்டு வயதிலிருந்தே கனமான வேஷங்களைச் சுமந்ததற்கு அதில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்று இந்தப் பாதை கொஞ்சம் ஒழுங்காகியிருக்கிறது. பதினெட்டு வயதை ஒட்டி இசைக் கல்லூரியில் பாட்டுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நான்கு வருடம், மேலே இரண்டு வருடம். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றையும் உச்சரிப்புப் பிசகாமல் பாட வேண்டும். பாட்டு ஆசிரியர் குரலைப் பார்த்துக்கொள்வார். பியானோவில் உட்கார்ந்து வேஷத்தை வரிவரியாக ஏற்றிவிட இன்னொருவர் இருப்பார், ரெபெட்டிட்டர் என்று பெயர். பெரியப்பா ஜமாவில் பகலில் ஆர்மோனியம் வைத்துப் பையன்களுக்குத் தரு என்கிற கூத்துப் பாட்டை ஏற்றியது அதே வேலை.

கல்லூரி முடிந்ததும் வேஷம் கிடைத்துவிடாது. பெரிய அரங்கங்கள் இளம் பாடகர் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் மெரோலா என்ற கோடைக்காலத் திட்டம் 1957லிருந்து நடக்கிறது, நியூயார்க் மெட்ரோபாலிட்டனின் திட்டம் 1980லிருந்து, லண்டன் ராயல் ஆப்பராவின் திட்டம் 2001லிருந்து. பெரிய அரங்கத்துத் திட்டமென்றால் இரண்டு மூன்று வருடம் உதவித்தொகை, ஆசிரியர்கள், சின்னச் சின்ன வேஷங்கள். இலங்கையில் வேர் கொண்ட பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த டேனியல் டி நீஸ் அப்படித்தான் நியூயார்க் திட்டத்தில் சேர்ந்து, 1998ல் 19 வயதில் மொசார்ட்டின் ஃபிகரோவில் பார்பரினா பாடினார். தொலைந்த குண்டூசியைத் தேடிக்கொண்டு ஒரு வேலைக்காரச் சிறுமி பாடும் சின்னப் பாட்டு. குரலுக்குச் சுமையில்லை, ஆனால் மெட்ரோபாலிட்டன் மேடையில் தனியாக நிற்கிறாள். சின்ன வேஷம் என்பது அப்படி யோசித்துக் கொடுக்கப்படுவது.

இன்னொரு வேலை மாற்றாள். பெரிய வேஷம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, பாடகிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஏறுவதற்குத் தயாராக, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கூப்பிடவே மாட்டார்கள்.

ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆப்பரா அரங்கங்கள் சுமார் 80. அங்கே மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குரலின் எடையையும் உயரத்தையும் பார்த்து ஃபாக் என்ற வகைப்பாட்டில் சேர்த்து, பெரும்பாலும் அந்த வகைக்குள்ளேயே வேஷம் கொடுப்பார்கள். லேசான குரலுக்குக் கனமான வேஷம் கொடுத்து உடைக்காமல் இருக்க அது ஒரு வேலி. உலகத்தின் இளம் பாடகர்கள் அங்கே படையெடுப்பதற்குக் காரணம் அந்தச் சம்பளம். மற்ற இடங்களில் தனியாள் ஒப்பந்தம்தான். பல அரங்கங்களில் ஆறு வார ஒத்திகைக்குத் தனிக் காசு இல்லை, மேடையேறும் ராத்திரிக்குத்தான். அன்றைக்குச் சளி பிடித்தால் அந்தக் காசும் இல்லை. என் அண்ணனுக்கு இது நன்றாகப் புரியும்.

நம் நாட்டிலிருந்து போனவர்கள் குறைவு. மும்பையில் பிறந்த பேட்ரிசியா ரொசாரியோ லண்டன் கில்ட்ஹால் பள்ளியில் படித்து உலக மேடைகளில் பாடியவர், பிறகு இந்திய இளைஞர்களுக்குக் கற்பிக்கத் திரும்பி வந்துகொண்டிருப்பவர். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியக் குரலிசை கற்கலாம். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டன் அமைப்புகளின் இசைத் தேர்வுகளை வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு நிலையாக எழுதிப் போகலாம். வெளிநாட்டுப் படிப்பென்றால் ஜெர்மன் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆனால் விசாவுக்கே ஒரு வருடச் செலவைக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்.

கூத்துக்கும் ஒரு காப்பிடம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெருங்கட்டூர் ராஜகோபால், தானே பள்ளியை நடுவில் விட்டு அப்பாவின் குழுவில் சேர்ந்தவர், 2002ல் காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து குருகுலத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். அதுவரை பெரும்பாலும் ஆண்களே ஆடிய கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பதினான்கு வயதுப் பையனுக்குக் குரல் உடைந்தால் அவன் வாயை மூடிக்கொண்டு அடவு பழகலாம், கணக்குப் போடலாம். சாப்பாடு நிற்காது. 2020ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் இரண்டு மூன்று நாளாகச் சொன்னேன். இப்போதைக்குப் போனில் பார்த்த அந்தப் பெரிய பாட்டைத் தொடாதே, பாடகர் குழுவில் உன் வரிசையில் நில், பக்கத்தில் இருப்பவளை மிஞ்சிக் கத்தாதே, பியானோ பழகு, இத்தாலியம் ஆரம்பி, தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்து என்றேன். பவரோட்டி வீட்டு ஒப்பந்தத்தைச் சொன்னபோது மெஷின் சத்தம் நின்றது. அவள் அம்மா ரவிக்கைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்.

"முப்பது வரைக்குமா? இன்னும் பதிமூணு வருசம் ஆச்சேண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "இருபத்தஞ்சு வரைக்கும்னா பாக்கலாம்" என்றார்.